தவணை கொடுக்கும் உரிமை யாருக்கு?

வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையில் 1933ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் நடந்த வேலைநிறுத்தத்தை இன்று நினைப்பவர் சிலரே. நாட்டின் மிகப் பெரிய நெசவாலை அது. அங்கு வேலை செய்த 1,400 பேரளவில் மூன்றில் இரு பங்கினர் இந்திய வம்சாவழியினர். அவர்களுள்ளும் பெரும்பாலோர் மலையாளிகள். கொழும்புத் தொழிலாளரின் தனிப்பெருந் தலைவராக அதுவரை விளங்கிய ஏ. ஈ. குணசிங்க, பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய அந்நாட்களில், இந்தியத் தொழிலாளருக்கு எதிரான குரலாக மாறியிருந்தார். அவரை எதிர்த்து நின்று, 'இவன் எந்த ஊரான்?' என்று கேளாமல், 'இவன் உழைப்பவன்' என்ற ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு, அவ்வாலைத் தொழிலாளரின் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் கொல்வின் ஆர். டி சில்வா என்ற இளம் வழக்கறிஞர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தபோது அதன் முதல் தலைவராகவும் அவரே இருந்தார்.

வெள்ளவத்தையிலிருந்து நவரங்கஹல மண்டபம் அதிக தூரத்தில் இல்லை. ஆனால், அந்தச் சிறு தூரத்தைக் கடக்கக் கொல்வின் அவர்களுக்கு 39 ஆண்டுகள் சென்றன. 1972 மே 22ஆம் நாள், நண்பகலை அடுத்து, சோதிடர் குறித்த சுபநேரத்தில், அம்மண்டபத்தில் இலங்கை குடியரசாயிற்று. பிரித்தானிய முடியின் கடைசி நிழலும் அகன்றது. (விஞ்ஞான சோஷலிஸத்தின் முதுபெரும் ஆசான்கள் சுபநேரத்துக்காகக் காத்திருந்த காட்சியைப் பற்றி எவரேனும் ஒரு நாடகம் எழுதியிருக்கலாம்.) அன்று நிறைவேறிய அரசியலமைப்பை உருவாக்கும் பணியை முன்னின்று நடத்திய அமைச்சர், அதே கொல்வின் ஆர். டி சில்வா. பெருந்தோட்டத் தொழில் அமைச்சும் அவரிடமே இருந்தது.

அந்த அரசியலமைப்பு இலங்கையை ஒற்றையாட்சி அரசு என்றது. பௌத்தத்துக்கு முதன்மையான இடத்தை அளித்து, அதனைப் பேணி வளர்த்தலை அரசின் கடமையாக்கியது. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தை, ஒரு பாராளுமன்றம் இயற்றி இன்னொரு பாராளுமன்றம் நீக்கக்கூடிய சாதாரணச் சட்டமென்ற நிலையிலிருந்து தூக்கி, நாட்டின் அடிப்படைச் சட்டத்துக்குள் வைத்தது. சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டங்களைத் தடுப்பதற்கென்று சோல்பரி யாப்பில் இருந்த 29ஆம் பிரிவு மறைந்தது. அடிப்படை உரிமைகள் என்றொரு அத்தியாயம் சேர்க்கப்பட்டது உண்மையே. ஆனால் அவ்வுரிமைகளுட் பெரும்பாலானவை பிரசைகளுக்கு மட்டுமே உரியவை. பிரசாவுரிமை இல்லாத இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர் அந்த அத்தியாயத்தின் வாயிலில் நின்றுகொண்டிருந்தனர்.

இந்தப் பழைய கதையை இப்பொழுது எடுப்பதற்குக் காரணம் ஒரு மாணவர். கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவர், அரசறிவியல் படிக்கிறார். அவருடைய பாட்டனார் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர், தொழிற்சங்கக்காரர், இறக்கும்வரை இடதுசாரிகளுக்கே வாக்களித்தவர். வாடகைக்குக் குடியிருந்த வீடு 1973ஆம் ஆண்டின் வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டத்தினால் அவருக்குச் சொந்தமாயிற்று. அக்குடும்பம் இன்றும் அவ்வீட்டில்தான் வாழ்கிறது. அதற்குச் சற்று முன்னர், அவருடைய மூத்த மகன், அதாவது இம்மாணவரின் மாமனார், மருத்துவம் படிக்கத் தகுதியான புள்ளிகள் எடுத்தும் இடம் பெறவில்லை. 'எங்கள் குடும்பத்துக்கு அந்த அரசாங்கம் நன்மை செய்ததா, தீமை செய்ததா? எப்படிக் கணக்கிடுவது?' என்று மாணவர் கேட்டார். நான் உடனே ஒரு பதில் சொன்னேன். பின்னர் அது பதிலே அல்ல என்று தோன்றியது.

அந்த ஆண்டுகளின் நன்மைகளை மறைப்பது நேர்மையாகாது. 1972இன் முதலாவது சட்டமான காணிச் சீர்திருத்தச் சட்டம், தனியாள் ஒருவர் வைத்திருக்கக்கூடிய காணியை 50 ஏக்கராகவும், நெற்காணியாயின் 25 ஏக்கராகவும் வரையறுத்தது. ஏறக்குறைய ஐந்தரை இலட்சம் ஏக்கர் அரசின் கைக்கு வந்தது. 1975இல் கம்பனிகளின் தோட்டங்களும் எடுக்கப்பட்டபோது இன்னும் நான்கு இலட்சம் ஏக்கருக்கு மேல் சேர்ந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக லண்டனிலிருந்து ஆளப்பட்ட மலைநாட்டு மண் அந்நியக் கம்பனிகளின் பிடியிலிருந்து விடுபட்டமை சிறு செயலன்று. கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்து கொண்டுவந்த சட்டம், ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகையை வரையறுத்தது. மிகுதியானவற்றில் குடியிருந்தோர் அவற்றைச் சொந்தமாக்கிக்கொள்ள வழி பிறந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளினால் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் மிளகாயும் வெங்காயமும் பொன்னாக விளைந்ததைத் தமிழரசுக் கட்சிக்கு வாக்களித்த விவசாயிகளே ஒப்புக்கொள்வர். பல தோட்டக்காணிகளில் கல்வீடு எழுந்தது அந்த ஐந்தாறு ஆண்டுகளில்தான்.

மறுபக்கத்தையும் அதே நிதானத்துடன் பார்ப்போம். 1970-71ஆம் கல்வியாண்டுக்கான அனுமதியில், மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழிமூலம் தேர்வெழுதியவருக்கு 229 புள்ளிகள் போதுமாயின. தமிழ்மொழிமூலம் எழுதியவருக்கு 250 வேண்டியிருந்தது. நம் மாணவரின் மாமனார் இவ்விரு எண்களுக்கும் இடையில் நின்றவர். பின்னர் 1974இல் மாவட்ட அடிப்படை வந்தது. இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மவர் பலருக்கு இது கசக்கும். வசதி குறைந்த மாவட்டத்து மாணவனுக்குச் சலுகை கொடுப்பதில் நியாயம் உண்டு. மன்னாரிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் பிறந்த தமிழ் பேசும் பிள்ளைகளும் அதனால் பயன் அடைந்தனர். ஆயின் மொழியைக் கொண்டு புள்ளியை வகுத்ததற்கு அந்த நியாயம் எதுவும் இல்லை. அது வறுமையை அளக்கவில்லை, பிறப்பை அளந்தது. இரண்டையும் 'தரப்படுத்தல்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டமையால், நியாயமான பகுதியும் நியாயமற்ற பகுதியும் ஒன்றையொன்று கெடுத்தன.

தோட்டங்களின் கதை இன்னும் கொடியது. எடுக்கப்பட்ட காணியில், அதனைத் தன் வியர்வையால் விளைநிலமாக்கிய தொழிலாளிக்குப் பங்கில்லை. பல இடங்களில் அவன் வெளியேற்றப்பட்டான். 1973, 74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் மக்கள் பசியால் மாண்டனர். நகரங்களுக்குப் பிச்சையெடுக்க வந்தனர். பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இடம்பெயர்ந்தனர். 1977 மே மாதத்தில், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்த டெவன் தோட்டத் தொழிலாளி ஒருவர் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். நாட்டுடைமை என்ற சொல்லில் உள்ள 'நாடு' யாருடையது என்ற வினாவுக்கு, அவர் உயிர் கொடுத்துப் பெற்ற விடை அது.

இவற்றைக் கூட்டிக் கழித்துப் பார்க்கலாமா? ஒரு வீட்டிலிருந்து ஒரு மருத்துவக் கல்லூரி இடத்தைக் கழித்தால் மிச்சம் என்ன? அன்றைய தோழர்கள் பலர் இக்கணக்கைத்தான் போட்டார்கள். அதற்கு ஒரு தத்துவமும் வைத்திருந்தார்கள். முதலில் பொருளாதார அடித்தளம் மாறட்டும். நிலமும் ஆலையும் மக்கள் கைக்கு வரட்டும். மொழிப் பிரச்சினையும் இனப் பிரச்சினையும் அதன்பின் தாமே தீரும். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பதே அத்தத்துவத்தின் சுருக்கம். நான் அந்த மாணவருக்கு உடனே சொன்ன பதிலும் ஏறத்தாழ இதுதான்.

அப்பதிலில் என்ன பிழை? கடன் கொடுத்தவன் கடன்பட்டவனுக்குத் தவணை கொடுக்கலாம். அது அவன் பெருந்தன்மை. கடன்பட்டவன் தனக்குத் தானே தவணை கொடுத்துக்கொள்ள முடியுமா? தன் உரிமையைத் தள்ளிப்போட ஒருவனுக்கு அதிகாரம் உண்டு. வேலைநிறுத்தத்தில் ஒரு தொழிலாளி தன் கூலியை இழக்கச் சம்மதிக்கிறான். நாளைய நன்மைக்காக இன்றைய பசியை ஏற்கிறான். அது தியாகம். ஆனால் அடுத்த வீட்டுக்காரனின் கூலியை, அவனைக் கேளாமல், 'நாளைக்கு உனக்கும் நல்லதுதான்' என்று எடுத்துக்கொண்டால், அதற்குத் தியாகம் என்ற பெயர் பொருந்துமா? 1972இல் 'பிறகு' என்று சொன்னவர்கள் யார், 'பிறகு' என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தவர்கள் யார் என்பதே வினா. அரசியல் நிர்ணய சபையில் தமிழ்ப் பிரதிநிதிகள் 1971 மார்ச்சில் கூட்டாட்சித் திருத்தம் ஒன்றை முன்வைத்தனர், அது தோற்றது. மொழி பற்றிய அவர்களின் கோரிக்கைகளும் நிராகரிக்கப்பட்டபின் யூன் மாத இறுதியில் அவர்கள் வெளியேறினர். அவர்கள் தவணை கொடுக்கவில்லை. தவணை எடுத்துக்கொள்ளப்பட்டது.

இடதுசாரிகள் அறியாமையால் இதைச் செய்யவில்லை. அதுவே இவ்விடயத்தில் நெஞ்சை உறுத்துவது. 1944ஆம் ஆண்டிலேயே இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி, சிங்களவரும் தமிழரும் தனித்தனித் தேசிய இனங்கள் என்பதையும் சுயநிர்ணய உரிமையையும் ஏற்றுப் பேசியது. 1948இல் தோட்டத் தொழிலாளரின் பிரசாவுரிமை பறிக்கப்பட்டபோது, இடதுசாரிக் கட்சிகள் அனைத்தும் அதனை எதிர்த்தன. 1956 யூன் மாதத்தில் தனிச் சிங்கள மசோதா வந்தபோது, பருத்தித்துறையிலிருந்து தெரிவாகியிருந்த கம்யூனிஸ்ட் உறுப்பினர் பொன். கந்தையா அதனை எதிர்த்து முழங்கினார். இருமொழியெனின் ஒரு தேசம் நிற்கும், ஒருமொழியெனின் இரு தேசங்கள் பிறக்கும் என்ற கருத்தை அதே விவாதத்தில் எச்சரிக்கையாக விடுத்தவர் கொல்வின்தான். அப்படிப்பட்டவர்கள் 1964இல் ஶ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் அமைச்சரவைக்குள் சென்றனர். 1966 சனவரி 8ஆம் நாள், தமிழ்மொழி உபயோகத்துக்கான ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பில் நடந்த ஊர்வலத்தில் இனவாதிகளுடன் தோள் சேர்த்து நடந்தனர். பொலிஸார் சுட்டதில் இளம் பிக்கு ஒருவர் இறந்தார். டட்லி சேனநாயக்க தமிழருக்கு விட்டுக்கொடுத்தார் என்பதை மசாலா வடையைச் சொல்லி எள்ளிய அக்காலத்துக் கோஷத்தை, வெள்ளவத்தையின் தமிழ் எழுதுவினைஞர்கள் காலி வீதி ஓரத்தில் நின்று கேட்டிருப்பர். அவர்களுள் எத்தனை பேர் அதற்கு முந்திய ஆண்டுகளில் மே தினத்துக்குச் சிவப்புச் சட்டை அணிந்து சென்றவர்கள்!

ஒரு மறுப்பு எழும். அது எளிதிற் தள்ளக்கூடியதன்று. வரலாற்றில் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட முடியுமா? 1970 தேர்தலில் ஐக்கிய முன்னணி வென்ற 116 ஆசனங்களில் சமசமாஜிகளுக்கு 19, கம்யூனிஸ்ட்டுகளுக்கு 6. மிகுதி 91 ஆசனங்களும் சுதந்திரக் கட்சியினுடையவை. 25 பேர் 91 பேரை எந்த எல்லைவரை இழுக்க முடியும்? மொழி விடயத்தில் பிடிவாதம் பிடித்திருந்தால் காணிச் சட்டமும் வந்திராது, வீட்டுச் சட்டமும் வந்திராது என்று அவர்கள் கூறலாம். அது உண்மையாகவும் இருக்கலாம்.

இருக்கட்டும். இயலாமை வேறு, இசைவு வேறு. 'உனக்குக் கொடுக்கவேண்டியதை இன்று என்னால் கொடுக்க இயலவில்லை' என்று சொல்பவன் கடனை ஒப்புக்கொள்கிறான். கடன்சீட்டு நிற்கிறது. 1972இல் நடந்தது அதுவன்று; சீட்டே எரிக்கப்பட்டது. கோடீஸ்வரன் வழக்கை எண்ணிப் பாருங்கள். சிங்களத் தேர்ச்சித் தேர்வில் சித்தியடையாமையால் 1962இல் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட தமிழ் அரசாங்க உத்தியோகத்தர் அவர். தனிச் சிங்களச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் 1964இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மேல் வழக்காட முடியாதென்று 1967இல் உயர்நீதிமன்றம் அதனை மாற்றியது. 1969 டிசம்பரில் லண்டன் பிரிவி கவுன்சில் அம்முடிவைத் தள்ளி, அரசியலமைப்புக் கேள்வியைத் தீர்மானிக்குமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. அக்கேள்விக்கு இன்றுவரை விடையில்லை. பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்வது 1971இல் நிறுத்தப்பட்டது. 29ஆம் பிரிவு 1972இல் மறைந்தது. அந்நிய நீதிமன்றத்தை நீக்கியதும் அந்நியர் தந்த யாப்பை நீக்கியதும் சுதந்திரச் செயல்கள்தாம், ஐயமில்லை. ஆனால் அதே கையசைவில் ஒரு சாதாரண எழுதுவினைஞரின் வழக்கும் மேசையிலிருந்து துடைக்கப்பட்டது. மௌனம் காத்திருந்தாலே போதும்; 25 பேரும் அந்த அளவுக்கேனும் பிடிவாதம் பிடித்திருக்கலாம்.

பல தேசிய இனங்கள் ஒரே அரசின் கீழ் வாழ்வதற்கு நம் தோழர்கள் சுட்டிக்காட்டிய முன்மாதிரி சோவியத் ஒன்றியம். அதன் வரலாறும் இவ்விடத்து நமக்குப் பாடஞ் சொல்லாமல் இல்லை. 1922 டிசம்பர் 30ஆம் நாள் அவ்வொன்றியம் பிறந்தபோது லெனின் நோயுற்றுக் கிடந்தார். அன்றும் மறுநாளும் அவர் சொல்ல எழுதப்பட்ட குறிப்புகளில், பெரிய தேசத்தவன் சிறிய தேசத்தவனைச் சமமாக நடத்தினால் மட்டும் போதாது, நடைமுறையில் நிலவும் ஏற்றத்தாழ்வை ஈடுசெய்யத் தன் பக்கம் ஒரு குறைவையும் ஏற்கவேண்டும் என்ற பொருள்படக் கூறினார். அக்குறிப்புகள் சோவியத் நாட்டில் அச்சேறியது 1956ஆம் ஆண்டில். 34 ஆண்டுகள் அவை தவணையில் கிடந்தன. இலங்கையில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய ஆண்டும் அதுவே என்பது தற்செயல்.

பிரிந்துபோகும் உரிமை சோவியத் அரசியலமைப்பில் எப்பொழுதும் எழுதப்பட்டிருந்தது. எப்படிப் பிரிவது என்பதற்கான சட்டமோ 1990 ஏப்ரலில்தான் வந்தது: குடியரசின் வாக்காளரில் மூன்றில் இரு பங்கினர் சம்மதிக்க வேண்டும், அதன்பின்னும் ஐந்தாண்டுகள்வரை காத்திருக்க வேண்டும். 1991 மார்ச் 17இல் ஒன்றியம் நிலைக்கவேண்டுமா என்று மக்களைக் கேட்டனர். வாக்களித்தோரில் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் வேண்டும் என்றனர். ஆனால் 15 குடியரசுகளில் ஆறு அவ்வாக்கெடுப்பை நடத்தவே மறுத்தன. அவ்வாண்டு டிசம்பர் முடிவதற்குள் ஒன்றியம் இல்லை. 1992 சனவரி 2ஆம் நாள் ரஷ்யாவில் விலைக்கட்டுப்பாடு நீங்கியது. ஓய்வூதியக்காரரின் வாழ்நாட் சேமிப்பு சில மாதங்களிற் கரைந்தது. ஒன்றியம் உடைந்ததற்குக் காரணங்கள் பல. அவற்றை ஒன்றாகச் சுருக்குவது மூடத்தனம். ஆயினும் எழுபது ஆண்டுகள் 'பிறகு' என்று வைக்கப்பட்ட ஒன்றைக் கேட்கும் வேளை வந்தபோது, கேட்கப்பட்டவர்களுட் பலர் பதில் சொல்லும் மனநிலையிலேயே இல்லை.

நம் முகத்தையும் கண்ணாடியிற் பார்க்கவேண்டும். தமிழர் தரப்பில் இந்தத் தவணைக் கணக்கைப் போடாதவர் யார்? தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அமைச்சரவையில் அமர்ந்திருந்து, இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் தொடர்பான 1949ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தார். தோட்டத் தமிழரின் உரிமை 'பிறகு' என்றாயிற்று. செல்வநாயகம் அதனால் பிரிந்து சென்றார் என்பது அவருக்குப் பெருமை. ஆனால் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் நின்றபோது நடந்ததென்ன? தமிழருக்குத் தனிநாடு கேட்டுவந்த முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கமே வாயிலை மறித்து நின்றார். தமிழ்த் தேசியத் தலைமையோ பெரும்பாலும் நெளிந்தது. 'முதலில் இனத்தின் விடுதலை. சாதி பிறகு' என்று அன்று மேடைகளிற் கேட்ட குரலுக்கும், 'முதலில் சோஷலிஸம். தமிழ் பிறகு' என்ற குரலுக்கும் உச்சரிப்பில் மட்டுமே வேறுபாடு. தன் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் அள்ளவிடாதவன், நவரங்கஹலவில் தனக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பற்றிப் பேசக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பேசட்டும். கிணற்றடியில் நிற்பவனும் அதே வாக்கியத்தை அவனை நோக்கிச் சொல்வான் என்பதை அறிந்து பேசட்டும்.

விலை கொடுத்து வாங்கிய பொருள் என்னாயிற்று? 1975 செப்டெம்பரில் சமசமாஜிகள் அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1977 தேர்தலில் சமசமாஜக் கட்சிக்கோ கம்யூனிஸ்ட் கட்சிக்கோ ஓர் ஆசனமும் இல்லை. திறந்த பொருளாதாரம் வந்தது. யாழ்ப்பாணத்து மிளகாய்க்காரனின் சந்தை போயிற்று. தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. எஞ்சியவை எவை? ஒற்றையாட்சி, பௌத்தத்துக்கு முதன்மை இடம் ஆகிய இரண்டும் 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்புக்குள் பத்திரமாகக் கொண்டுசெல்லப்பட்டன. சமதர்மத்துக்காகக் கொடுக்கப்பட்ட விலையைச் சமதர்மத்தின் எதிரிகள் ஒரு சதமும் குறையாமற் பெற்றுக்கொண்டனர். தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று எழுதுவதற்கு 1987 வரை சென்றது. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகள் எரிந்தபின்னர் அது எழுதப்பட்டது. மலையகத்தில் எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. 1948இற்கும் அதற்கும் இடையே 55 ஆண்டுகள்.

அந்த மாணவரை மறுபடி கண்டபோது, வீட்டையும் கல்லூரி இடத்தையும் ஒரே பேரேட்டில் எழுத முடியாதென்றும், அவருடைய பாட்டனாருக்குத் தம் உரிமையை ஒத்திவைக்கும் அதிகாரம் இருந்ததென்றும், அவர் அதைத் தெரிந்தே செய்திருந்தால் அவரைக் குறைகூற இயலாதென்றும் சொன்னேன். மாணவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், 'மருத்துவ இடம் பாட்டாவினுடையது இல்லையே சேர், மாமாவினுடையதல்லவா? பாட்டா வீட்டில் ஒருநாளும் அதைப் பற்றிப் பேச விடமாட்டார். கட்சிக்கு எதிராகப் போகும் என்பார். மாமா 1974இல் ஊரை விட்டுப் போனவர்தான். பாட்டாவின் செத்தவீட்டுக்கும் வரவில்லை' என்றார்.